20 நிமிடமா, 10 மணி நேரமா? முக்திநாத் பயணத்தை முடிவு செய்யும் காற்று!

நேபாளத்தில் பொக்காராவுக்கும் ஜோம்சோமுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 70 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம்தான். விமானத்தில் ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் இறங்கிவிடலாம். சாலையில் போனால் 150 கிலோமீட்டருக்கும் மேல். பேருந்தில் 8 முதல் 10 மணி நேரம் ஆகும்.

நம்மவர்கள் பலருக்கு இந்த வழி முக்கியமானது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று போற்றப்படும் முக்திநாத் கோயிலுக்கு ஜோம்சோம் வழியாகத்தான் போக வேண்டும். பல வருடங்கள் பணம் சேர்த்து, அறுபது வயதுக்கு மேல் இந்த யாத்திரை கிளம்புபவர்கள் அதிகம்.

காலையில் மட்டும் விமானம்

இரண்டு ஊர்களுக்கும் நடுவே 8,091 மீட்டர் அன்னபூர்ணாவும், 8,167 மீட்டர் தவளகிரியும் நிற்கின்றன. இவற்றுக்கு இடையே காளி கண்டகி ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு வழியாகத்தான் சிறிய விமானங்கள் பறக்கின்றன.

வெயில் ஏற ஏற, வடக்கே உள்ள வறண்ட மேட்டு நிலம் சூடாகி, அங்குள்ள காற்று மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து வரும் காற்று, குறுகலான பள்ளத்தாக்குக்குள் புகுந்து வேகமெடுக்கிறது. முற்பகலுக்குப் பிறகு ஜோம்சோமில் நிற்பதே சிரமம். அதனால் விமானங்கள் காலையில் மட்டும்தான். மேகம் மூடினால் அதுவும் ரத்து.

ரத்து என்றதும் கோபம் வருவது இயல்பு. ஆனால், 2022 மே 29 அன்று பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குக் கிளம்பிய விமானம் மலையில் மோதியதில், 4 இந்தியர்கள் உட்பட அதிலிருந்த 22 பேரும் இறந்தார்கள். 2012, 2016 ஆண்டுகளிலும் இதே தடத்தில் விபத்துகள் நடந்தன. இங்கே விமானி 'இன்று முடியாது' என்றால், அது பயணிகளின் நன்மைக்குத்தான்.

சாலை எப்படி?

பேனி, தாதோபானி வழியாக ஆற்றை ஒட்டியே சாலை மேலேறுகிறது. குலுக்கலும் தூசியும் உண்டு. மழைக்காலத்தில் நிலச்சரிவால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆனால், அருவிகள், ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த மார்ஃபா கிராமம் எல்லாம் சாலையில் போகிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

உயரத்தை மறக்காதீர்கள்

பொக்காராவின் உயரம் சுமார் 820 மீட்டர். ஜோம்சோம் சுமார் 2,700 மீட்டர், ஊட்டியைவிட அதிகம். அங்கிருந்து ஜீப்பில் ராணிபௌவா வரை சென்று, பிறகு நடந்தோ குதிரையிலோ போனால் முக்திநாத், 3,700 மீட்டருக்கு மேல். விமானத்தில் வந்து அன்றே கோயிலுக்கும் ஏறினால், ஒரே காலைப்பொழுதில் உடல் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் உயரத்தைத் தாங்க வேண்டும். தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே கீழே இறங்குவதுதான் நல்லது. இதய, நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரிலும் போவது வசதி. ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ ஓர் இரவு தங்கிவிட்டுக் கோயிலுக்கு ஏறுங்கள். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் குறைந்தது இரண்டு நாள்களைக் காலியாக விட்டுவையுங்கள். அவசரம் இல்லாதவர்களுக்கு, விமானம் ரத்தானாலும் தரிசனம் தவறாது.