ஹோல்டில் இருப்பவர்கள் எழுந்து நிற்கலாம்

பெருங்குடியில் ஒரு மெடிக்கல் பில்லிங் அலுவலகம். அமெரிக்க நேரத்துக்கு வேலை. மாலை ஆறரைக்கு லாகின். இரவு ஒன்பதரைக்கு ஸ்பீக்கரில் வீணை ஒலித்தது. திரையில் கைகளை உயர்த்தி, தோளைச் சுழற்றி, இடுப்பைத் திருப்பும் பயிற்சி. 2021இல் ஆயுஷ் அமைச்சகம் செயலியாக வெளியிட்ட ஐந்து நிமிட ‘ஒய்-பிரேக்’கின் சாயல்.

ஹால் நிறைய ஆட்கள். எழுந்தவர்கள் ஏழெட்டுப் பேர்.

“இன்ஷூரன்ஸ்காரன் நாப்பது நிமிஷமா ஹோல்டுல வெச்சிருக்கான் சார். இப்ப விட்டா மறுபடி முதல்லேருந்து” என்றார் ஓர் இளைஞர். ஹெட்செட் வயர் என்னவோ எழுந்து நிற்கும் அளவுக்கு நீளம்தான். டீம் லீடர் உட்கார்ந்திருக்கும்போது எழ யாருக்கும் மனம் வரவில்லை. சற்றுப் பொறுத்து அவர் எழுந்தார்; அந்த வரிசையே எழுந்தது.

பத்து மணிக்குச் சாப்பாடு. பரோட்டா, பிரியாணி, வீட்டுச் சப்பாத்தி. அது முடிந்ததும் விடியும்வரை நாற்காலிதான். உண்மையில் அப்போதுதான் நடக்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம், நாள் முழுக்க உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட 58 சதவீதம் குறைந்தது. பங்கேற்றவர்கள் 11 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் வீணையைச் சாப்பாட்டுக்கு முன்பு வைத்தது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

பதினொன்றரைக்கு டீ அண்ணன் பிளாஸ்க்கோடு வரிசை வரிசையாக வந்தார். முன்பெல்லாம் எல்லோரும் கீழே டீக்கடைக்குப் போவார்களாம். நேரம் வீணாகிறதென்று டீயை மேஜைக்கே கொண்டுவந்துவிட்டது நிர்வாகம். லண்டன் டபுள் டெக்கர் பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஜெரமி மோரிஸ் 1953இல் காட்டினார். இந்த ஹாலில் டீ அண்ணன் ஒருவர்தான் கண்டக்டர்.

“டீயை பேன்ட்ரியிலயே வெச்சுட்டா என்ன?” என்று டீம் லீடரிடம் கேட்டேன்.

“அதுக்கு ஹெச்ஆருக்கு மெயில் போடணும் சார்” என்று சிரித்தவர், வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஹோல்டுல இருக்கறவங்க எல்லாம் நின்னுக்கிட்டே பேசலாம்ப்பா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”