ரத்தத்தில் தெரியுமா நுரையீரல் புற்றுநோய்?

நுரையீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. அங்கே ஒரு சிறு கட்டி வளர ஆரம்பித்தாலும் அந்த ஆள் வழக்கம் போல வேலைக்குப் போய் வருவார். சளியில் ரத்தம், மூச்சு வாங்குவது, எடை குறைவது என்று டாக்டரிடம் போகும்போது பலருக்கும் நோய் முற்றியிருக்கும். 2022-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 18 லட்சம் பேர் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள். வேறெந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களை எடுப்பதில்லை.

முன்கூட்டியே கண்டுபிடிக்க வழியே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் 2002-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், நிறைய சிகரெட் புகைத்தவர்கள் 53,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. எக்ஸ்ரே எடுத்தவர்களை விட, குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் ஸ்கேன் 'சந்தேகம்' என்று காட்டியதில் நூற்றுக்கு 96 புற்றுநோயே அல்ல! பழைய தொற்றின் தழும்பாகக்கூட இருக்கலாம். அதற்கும் மறு ஸ்கேன், பயம், சில பேருக்கு ஊசி குத்தி சதை எடுக்கும் சோதனை.

யாருக்கு ஸ்கேன் தேவை என்பதை ரத்தமே சொல்லிவிட்டால்? இங்கேதான் மெட்டபொலைட்டுகள் வருகின்றன. செல்கள் உணவை எரித்து, உடைத்து, கட்டும்போது உண்டாகும் சிறு மூலக்கூறுகள் இவை. குளுக்கோஸ், லாக்டேட், அமினோ அமிலங்கள் எல்லாம் இதில் அடக்கம். புற்றுநோய் செல்கள் ஆக்சிஜன் இருந்தும் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றித் தள்ளுவதை ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கவனித்தார். அப்படியானால் லாக்டேட்டை அளந்தால் போதாதா? போதாது. மாடிப்படி ஏறி ஓடினாலும் லாக்டேட் கூடும். சாப்பாடு, சிகரெட், சர்க்கரை நோய், எடுத்த ரத்தம் எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பது வரை எல்லாமே அளவை மாற்றும்.

இன்னொரு பெரிய சிக்கலும் உண்டு. நோய் முற்றியவரின் ரத்தத்தில் வித்தியாசம் காண்பது எளிது. தேவைப்படுவதோ, நோய் தெரிவதற்கு முன்பே எடுத்த ரத்தம். அதற்கு எங்கே போவது?

அது கிடைத்தது தோற்றுப்போன ஓர் ஆய்விலிருந்து. புகைப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என அமெரிக்காவில் 18,314 பேரை வைத்து கேரட் (CARET; காய்கறி அல்ல, ஆய்வின் பெயரே அப்படி ஒலிக்கும்) என்ற சோதனை நடந்தது. பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பினார்கள். நடந்தது நேர்மாறு! மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில் மாத்திரையை நிறுத்தினார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த ரத்தம் உறைநிலையில் பத்திரமாக இருந்தது.

அந்த ரத்தத்தை ஆராய்ந்து 2015-ல் ஒரு முடிவு வெளியானது. நோய் கண்டறியப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே, டைஅசிட்டைல்ஸ்பெர்மின் என்ற மெட்டபொலைட் கூடியிருந்தது. தனியாகப் பார்த்தால் அது சுமாரான அடையாளம்தான். நுரையீரல் புரதம் ஒன்றையும் சேர்த்துப் பார்த்தபோது இன்னும் நன்றாகப் பிரித்துக் காட்டியது.

'சுமார்' ஏன் போதாது? ஒரு கணக்கு: 1000 பேரில் 10 பேருக்குப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். 90 சதவீதம் சரியாகச் சொல்லும் சோதனை 9 பேரைப் பிடிக்கும். கூடவே நோயில்லாத 99 பேரையும் பயமுறுத்தும்.

அதனால்தான் ஸ்கேனின் இடத்தை ரத்தச் சோதனை இன்னும் பிடிக்கவில்லை. இப்போதைக்கு அது ஸ்கேனுக்குத் துணையாக வரலாம் என்பதே நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் சிலர், தங்களைக் காக்கும் என்று நம்பி விழுங்கிய மாத்திரையாலேயே பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.