சிறிய ஸ்ரீவைகுண்டம்

பெரும் பொருள்களைச் சிற்றுருவிற் சமைத்து மகிழ்தல் நம்மவர்க்குப் புதிதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர் உருட்டல். ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபர அடிகளும் தமது முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழில் அப்பருவத்தைப் பாடியுள்ளார். அவ்வூரின் புகைவண்டி நிலையத்தையே சிற்றுருவாக்கும் பணியில் யாம் இப்பொழுது ஈடுபட்டிருக்கின்றோம்.

மேனாட்டு நிலையங்களின் உறுப்புக்கள் அட்டைப்பெட்டிகளில் விற்கப்படுகின்றன. வாங்கி ஒட்டினாற் போதும். நம் ஊர் நிலையமோ எப்பெட்டியினுள்ளும் இல்லை. ஆதலின் அட்டை, மரச்சிம்பு, மெல்லிய கம்பி ஆகியவற்றைக்கொண்டு சுவர் முதற் சாளரம் ஈறாக யாவும் கையாலேயே செய்ய வேண்டியதாயிற்று.

யாம் மேற்கொண்டது 87-இல் ஒரு பங்கு என்னும் அளவு. 7 அடிக் கதவு இவ்வளவில் 24.5 மில்லிமீட்டர் ஆகும். நீள அகலங்களை நாடாவால் அளக்கலாம். உயரத்துக்கு ஓர் எளிய வழி உண்டு. அடிக்கு அடி வண்ணக்கோடு இட்ட கழியொன்றைச் சுவரருகே நிறுத்திப் படம் பிடித்தால், எட்டாத உயரத்தையும் அக்கோடுகளைக்கொண்டு கணித்துவிடலாம்.

திருநெல்வேலி - திருச்செந்தூர்ப் பாதை 1923-ஆம் ஆண்டு மீட்டர் கேஜாகத் திறக்கப்பெற்று, 2008-ஆம் ஆண்டு அகலப் பாதையாயிற்று. பழைய நிலையத்தையே செய்தல் அழகாயிருக்கும் என்றனர் சிலர். ஆயின் நேரில் அளக்க இயலாததை ஊகத்தால் எழுப்ப யாம் விரும்பவில்லை. இன்று கண்முன் நிற்பதையே செய்யத் துணிந்தோம்.

அகலப் பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். அஃதாவது ஐந்தரை அடி. எம் அளவில் அது 19.3 மில்லிமீட்டர் ஆதல் வேண்டும். கடைகளிற் கிடைக்கும் தண்டவாளமோ மேனாட்டுப் பாதைக்குரியதாகலின் 16.5 மில்லிமீட்டரே உடையது. "மூன்று மில்லிமீட்டரும் இல்லாத குறைவை யார் காணப்போகின்றார்?" என்று நண்பரொருவர் வினவினார். அகன்ற உடலைக் குறுகிய கால்மேல் நிறுத்தினால், அது நம் நாட்டு வண்டியாகாது என்றோம். பாதையையும் கையாலேயே அமைத்தோம்.

இப்பணியில் எமக்கு மிகுந்த பொறுமையைக் கற்பித்தது சல்லி. சுமையைத் தாங்குவதும், மழைநீரை வடிப்பதும், பாதை நகராது பிடிப்பதும் அதுவே. எனினும் வண்டியிற் செல்வோர் அதனை நோக்குவதில்லை. 50 மில்லிமீட்டர்க் கல் எம் அளவில் அரை மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும். ஆகவே மணலைச் சலித்துப் பரப்பி, நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு உலர்த்தினோம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் இரவு, திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, பெருவெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பெற்றதை யாவரும் அறிவர். ஏறத்தாழ 800 பயணிகள் அங்கே சிக்கினர். சிலர் அருகிருந்த பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏனையோர் நிலையத்திலேயே தங்கினர். செய்துங்கநல்லூரை நோக்கிய பாதையில் வெள்ளம் சல்லியை அரித்துச் செல்லவே, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. 19-ஆம் நாள்தான் மீட்புப் பணி நிறைவேறியது. சல்லியற்ற இடத்தே வண்டி செலுத்தப்பட்டிருப்பின் நேர்ந்திருக்கக்கூடியதை நினைக்கவும் நெஞ்சு நடுங்குகின்றது.

எம் பலகையின் அக்கோடியில், ஒரு சாண் நீளத்துக்குச் சல்லியிடாது தண்டவாளத்தைத் தொங்கவே விட்டிருக்கின்றோம். வேலை முடியவில்லையோ என்று பார்ப்போர் கேட்கின்றனர். கேட்போர்க்கு அவ்விரவின் வரலாற்றைக் கூறுகின்றோம்.

மாணவ நண்பர்களே, நும் ஊரிலும் நிலையமோ, சத்திரமோ, பள்ளியோ ஒன்று இருக்குமன்றோ? அட்டையும் பசையும் பின்னர் வாங்கலாம்; வரும் விடுமுறையில் அதனை அளந்து வைம்மின். அளந்த தாளில் நாளையும் ஆண்டையும் தவறாது குறித்திடுமின்.