துரைக்குச் சாப்பாடு

நாய் வளர்ப்பது ஒன்றும் பிரமாதமான காரியம் அல்ல. "நாய்க்கு என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பிரமாதமான காரியம். நமது தெருவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியம் சொல்ல நான்கு பேர் வருவார்கள். நாய்க்குட்டி ஒருவேளைச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு அப்பால் போய்விட்டாலோ, பதினான்கு பேர் வருவார்கள்.

மம்சாபுரத்தில் இப்படி இருப்பதற்கு நியாயம் உண்டு. ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், இன்னொரு பக்கம் ராஜபாளையம், மேற்கே மலைத்தொடர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ராஜபாளையம் நாய்க்கோ அதற்கு முன்பே, 2005-ஆம் ஆண்டில், இந்திய அரசின் தபால் தலையில் இடம் கிடைத்துவிட்டது. தபால் தலையில் ஏறிய நாயைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல இந்த வட்டாரத்தில் யாருக்குத்தான் உரிமை இல்லை?

நமது வீட்டுக்கு ஒரு குட்டி வந்து சேர்ந்தது, மகளின் பிடிவாதத்தினால். இரண்டு மாதக் குட்டி. பால் போன்ற வெள்ளை நிறம், ரோஜா நிற மூக்கு, தேன் நிறக் கண்கள். இந்த நிறத்தைக் கண்டு நாம் அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்தோம். "அசல் சுதேசி நாயை வாங்கிவந்து, அதற்கு வெள்ளைக்காரன் பெயரா?" என்று நம் வீட்டு அம்மாள் ஆட்சேபித்தாள். ஆட்சேபணை நியாயமானதே. ஆனால் அதற்குள் குட்டி அந்தப் பெயருக்கு வாலை ஆட்டத் தொடங்கிவிட்டது.

முதல் மாதம் துரை நாம் சாப்பிட்டதையே சாப்பிட்டான். மிஞ்சிய சாம்பார் சாதம், ரசம் சாதம், உறவினர் வந்த அன்று ஒரு விள்ளல் பால்கோவா. வீட்டு நாய் வீட்டுச் சோற்றைத் தின்பதில் என்ன தவறு என்று நினைத்தோம். சாம்பாரில் மிதக்கும் வெங்காயம் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களைச் சிதைக்கும் என்பதும், திராட்சையும் சாக்லேட்டும் அதற்கு விஷம் என்பதும், சர்க்கரையும் கொழுப்பும் செறிந்த பால்கோவா அதன் வயிற்றைப் புரட்டிப் போடும் என்பதும் பிற்பாடு கற்ற பாடங்கள். இருபது வருஷமாக விஞ்ஞானம் போதித்து வருகிற பட்டதாரிக்கு இவை தெரியாமலிருந்தது பற்றி நேயர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும், நாம் அழவேண்டியதாயிற்று.

அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒருநாள் துரையின் தட்டைப் பார்த்தார். "வாத்தியாரே, இது வேட்டை நாய், புலியோடு போராடிய பரம்பரை. இதற்கு ரசம் சாதமா போடுவது? கறியைப் போடுங்கள். கறியைத் தவிர வேறொன்றும் போடாதீர்கள்" என்றார். பரம்பரை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று முதல் துரைக்கு எலும்பில்லாத கறி. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி கோழிக்கடைக்குப் போயிற்று. குட்டியும் மளமளவென்று வளர்ந்தது.

நான்காவது மாதம் முடிகிற சமயத்தில், துரை முன்கால்களை ஊன்ற முடியாமல் முனகினான். கால்கள் வில்லைப் போல் வளைந்திருந்தன. கால்நடை மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு, "குட்டிக்கு என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டார். நாம் பெருமையோடு சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, "கறி நல்லதுதான், ஆனால் வெறும் கறி பட்டினிக்குச் சமானம்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். கறியில் பாஸ்பரஸ் ஏராளம். சுண்ணாம்புச் சத்தோ மிகச் சொற்பம். நாயின் உணவில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதைவிடச் சற்று அதிகமாகவோ இருக்கவேண்டும். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. அப்போது உடம்பு தனக்கு வேண்டிய சுண்ணாம்பை எங்கிருந்து எடுக்கும்? தன் எலும்பிலிருந்தே எடுக்கும். வேட்டையாடும் மிருகம் இரையைக் கறியாக மட்டும் தின்பதில்லை. எலும்பையும் குடலையும் சேர்த்தல்லவா தின்கிறது! புலியோடு போராடிய பரம்பரைக்கு அந்தப் பரம்பரைச் சாப்பாட்டில் பாதியைத்தான் நாம் போட்டிருந்தோம்.

அன்று மாலையே தீனிக் கடைக்குப் போனோம். கடையில் சுவர் முழுதும் பைகள். பைகள் முழுதும் படங்கள். ஒன்றில் கொழுத்த கோழி, ஒன்றில் பச்சைக் காய்கறி, ஒன்றில் நாயா சிங்கமா என்று சந்தேகிக்கத் தக்க ஒரு பிராணி. லண்டன் துறைமுகத்தில் கப்பல் ரொட்டியைத் தின்ற நாய்களைப் பார்த்து, ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் 1860-ஆம் ஆண்டு வாக்கில் நாய் பிஸ்கோத்து செய்து விற்கத் தொடங்கினாராம். அன்று பிறந்த வியாபாரம் இன்று நமது ஊர்க் கடைத் தெருவரை வந்திருக்கிறது. "இதுதான் ஸார் உயர்ந்தது" என்று கடைக்காரர் இருப்பதற்குள் விலை கூடியதை எடுத்து வைத்தார். மார்க்கு வாங்காத பையனின் தகப்பனார் டியூஷனுக்குப் பணம் கட்டுவது போல, நாமும் மறுபேச்சின்றிக் கட்டிவிட்டு வந்தோம்.

அன்று இரவு நம் வீட்டு அம்மாள் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "துரையின் கால் நேராகட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பையில் என்ன எழுதியிருக்கிறது என்றாவது படித்தீர்களா? பிள்ளைகளுக்கு மட்டும் படி, படி என்கிறீர்களே!" என்றாள்.

படித்தோம். படித்ததில் தேறிய விஷயங்களை நேயர்களுக்கும் சொல்கிறோம்.

முதலாவது, பை யாருக்கு என்று பார்க்கவேண்டும். குட்டிக்கு வேறு, வளர்ந்த நாய்க்கு வேறு. ஈரப்பதத்தை நீக்கிய கணக்கில், வளரும் குட்டிக்குப் புரதம் 22.5 சதவிகிதமாவது வேண்டும். வளர்ந்த நாய்க்கு 18 சதவிகிதமாவது வேண்டும். முழுமையான, சமச்சீரான உணவு என்று போட்டிருக்கிறதா, தின்பண்டம் என்று போட்டிருக்கிறதா என்பதும் முக்கியம்.

இரண்டாவது, தண்ணீர்க் கணக்கு. டப்பாவில் அடைத்த ஈரத் தீனியில் புரதம் 8 சதவிகிதம் என்றும், உலர்ந்த தீனியில் 24 சதவிகிதம் என்றும் இருந்தால், உலர்ந்ததே மேல் என்று தோன்றும். டப்பாவில் 80 பங்கு தண்ணீர். அதைக் கழித்தால் புரதம் 40 சதவிகிதம். உலர்ந்ததில் 10 பங்குதான் தண்ணீர். கழித்தால் 27 சதவிகிதத்துக்கும் குறைவு. தண்ணீரைக் கழிக்காமல் ஒப்பிடக் கூடாது. அதே சமயம், டப்பா வாங்குகிறவர் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீருக்கே விலை கொடுக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, கிலோ விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. நாள் விலையைப் பார்க்கவேண்டும். 25 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,250 கலோரி தேவை. கிலோ 190 ரூபாய்த் தீனியில் 3,000 கலோரி இருந்தால், நாளைக்கு 417 கிராம் வேண்டும். செலவு 79 ரூபாய். கிலோ 240 ரூபாய்த் தீனியில் 3,750 கலோரி இருந்தால், 333 கிராம் போதும். செலவு 80 ரூபாய். ஐம்பது ரூபாய் வித்தியாசம் ஒரு ரூபாயாகக் கரைந்துபோகிறது! மலிவு என்று நினைத்தது மலிவல்ல. அதே போல், விலை கூடியதெல்லாம் உயர்ந்ததும் அல்ல. சிங்கப் படத்துக்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோம்.

நான்காவது, சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் தீனியில் தேதி தெரியாது. நமது வெயிலில் திறந்து வைத்த கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும்.

'தானியமில்லாத தீனி' என்று ஒரு நாகரிகமும் கிளம்பியிருக்கிறது. 2013-ஆம் ஆண்டில் வெளியான ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி என்ன சொல்கிறது? மாவுப் பொருளைச் செரிக்கச் செய்யும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்க்கு நான்கிலிருந்து முப்பது வரை. மனிதனோடு வாழ்ந்து மனிதனின் கஞ்சியைக் குடித்தே நாய் நாயாயிற்று. கம்பங்கூழ் ஊற்றி நாய் வளர்த்த நம் முன்னோர் முட்டாள்கள் அல்லர்.

இவ்வளவும் கற்றுத் தேர்ந்து, நாம் நம்மைப் பற்றி மிகவும் திருப்தியடைந்திருந்த சமயத்தில்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

நமது பள்ளியில் மதிய உணவு நேரம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டிலிருந்த அவித்த முட்டையை மெதுவாகச் சட்டைப்பைக்குள் தள்ளுவதைக் கண்டோம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கையைப் பிடித்துவிட்டோம்.

"முட்டை எதற்கடா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "நாய்க்கு ஸார். ஆறு குட்டி போட்டிருக்கு. பால் பத்தலை. எலும்பும் தோலுமா இருக்கு, ஸார்."

கோபித்துக்கொள்ள வாயைத் திறந்த நமக்கு வார்த்தை வரவில்லை. அவன் தகப்பனார் பஞ்சாலைத் தொழிலாளி. அவனோ தன் வகுப்பிலேயே குள்ளமானவன். காமராஜர் முதலமைச்சராயிருந்தபோது, 1956-ஆம் ஆண்டில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு விரிவாகத் தொடங்கப்பட்டது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார், இப்போது வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. அவ்வளவும் அந்தக் குள்ளப் பையனின் எலும்புக்காக. அவனோ அதை இன்னொரு வாயில்லா ஜீவனின் எலும்புக்குத் தானம் செய்துகொண்டிருக்கிறான். சிங்கப் படம் போட்ட பைக்குக் கணக்குப் பார்த்த நமது விஞ்ஞானம் அந்த ஏழைப் பையனுக்கு என்ன சொல்கிறது?

அன்று மாலை பள்ளிச் சமையலறைக்குப் பின்னால் போனோம். உரித்த முட்டையோடு ஒரு குவியல் கிடந்தது. மருத்துவர் நமக்கு எழுதிக் கொடுத்த மருந்தில் முக்கால் பங்கு அங்கே குப்பையில் கிடப்பதைப் பார்த்தோம்! ஓட்டைக் கழுவி, கொதிக்க வைத்து, வெயிலில் காயப் போட்டு, மாவாக இடித்தால், ஒரு தேக்கரண்டித் தூளில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை கிராம் போதும். குட்டிகளுக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு இன்னும் அதிகம்.

மறுநாள் கரும்பலகையில் பாடமே அதுதான். கம்பில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் புரதம்; கேழ்வரகில் மற்றத் தானியங்களில் இல்லாத அளவு சுண்ணாம்புச் சத்து. இவற்றைக் குழைய வேகவைத்து, கோழிக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கழிவுக் கறியை அவித்துப் பிசைந்து, ஈரல் கொஞ்சமாகச் சேர்த்து, தயிரும் ஓட்டுத் தூளும் கலந்தால், ஏழை வீட்டு நாய்க்கும் ஓரளவு நிறைவான சாப்பாடு. வெங்காயம் கூடாது. வேகவைத்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும், அதுவும் கூடாது. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விஷம். கலவையை மருத்துவரிடம் காட்டினோம். அவர் நாயின் எடையைக் கேட்டு அளவைத் திருத்தி, குட்டிகளுக்குப் பூச்சி மருந்தும் தாய்க்குச் சத்து மருந்தும் எழுதிக் கொடுத்தார். அம்மருந்தின் விலை நம் வீட்டு அம்மாளின் கணக்கு நோட்டில் 'துரை' என்ற தலைப்பின் கீழ் ஏறியது. அவள் அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

நிபந்தனை ஒன்றே ஒன்று: முட்டை பையனுக்கு, ஓடு நாய்க்கு.

இப்போது துரைக்கு இரண்டு வயது. மலையடிவாரக் காற்றில் அவன் ஓடுகிற வேகத்தைக் கண்டு தெரு வியக்கிறது. ஆனால் நின்ற இடத்தில் உற்றுப் பார்த்தால், இடது முன்கால் சற்றே வளைந்திருப்பது தெரியும். அந்த வளைவு இனி நிமிராது. அது நாம் கேட்டுக் கொடுத்த உபதேசத்தின் விலை. துரை நம்மிடம் அதைப் பற்றி ஒருநாளும் புகார் சொன்னதில்லை. மாலையில் பள்ளியிலிருந்து திரும்பும்போது அந்தக் காலைத்தான் முதலில் தூக்கி நமது மடியில் வைக்கிறான்.

அந்தப் பையனின் ஆறு குட்டிகளில் ஐந்து பிழைத்தன. ஆறாவது, பாடம் நடப்பதற்கு முன்பே போய்விட்டது. பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. நம்மைவிட உயரமாகிவிடுவான் போலிருக்கிறது. இருந்தாலும் நாம் பழைய வழக்கத்தை விடவில்லை. மதியம் அவன் பக்கமாகப் போகும்போது, "முட்டை எங்கேடா?" என்று அதட்டுகிறோம். அவன் வாயைத் திறந்து மஞ்சள் கருவைக் காட்டுகிறான். பிறகு கையை விரித்து ஓட்டைக் காட்டுகிறான்.