ஏற்காட்டில் வீடு, சேலத்தில் வேலை

ஏற்காட்டுக்கே குடிபோய்விடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு வேலை சேலத்தில். தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். தினமும் இறங்கி ஏற வேண்டும்.

ஆசை வந்ததே அம்மாவால்தான். மேலே போனால் சால்வையைப் போர்த்திக்கொண்டு, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக்கொடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சேலத்து வெயிலில் அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

வாடகைக்கு வீடு தேடும்போதுதான் ஊர் நிலவரம் புரிகிறது. தினவாடகைக்கு விட்டால் சனி, ஞாயிறில் கிடைக்கும் பணம் மாத வாடகையில் வராது. "மே மாசம் மட்டும் காலி பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டார் ஒரு வீட்டுக்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களும் அங்கே பள்ளியில் பாடம் எடுக்கிறவர்களும் எங்கே குடியிருப்பார்கள்? சுற்றுலா ஊர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

பாதைதான் பெரிய கவலை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழி இருந்தாலும் அதுவும் மலைப்பாதைதான். அம்மாவுக்கு நடுராத்திரி மூச்சு வாங்கினால்? பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் கீழேதான்.

அதனால் இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஐப்பசி அடைமழையில் கொஞ்ச நாள் மேலே தங்கி, காலை பஸ்ஸில் இறங்கி வேலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கப் போகிறேன். தினமும் அப்படி வந்துபோகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: பனிமூட்டம் இறங்குகிற நாளில் சாயங்காலம் எத்தனை மணிக்குள் மேலே ஏறிவிடுவீர்கள்?