காலியாகக் கிடக்கும் கட்டம்

பங்குனி பிறந்ததும் ஊரிலிருந்து பட்டியல் வந்துவிடுகிறது. எந்தக் குளத்தில் எத்தனை பறவை, எந்த விளையில் எது கூவியது என்று விடியுமுன் எழுந்து போனவர்கள் எழுதிய பட்டியல். நெல்லைச் சீமையில் தை மாதம் குளத்துப் பறவைகளை எண்ணுவார்கள். மார்ச்சில் வனத்துறையோடு சேர்ந்து நிலப்பறவைகளை எண்ணுவார்கள். பள்ளி ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கடை வைத்திருப்பவர்கள் என்று பலரும் வருவார்கள்; யாருக்கும் கூலி கிடையாது. அவர்கள் அனுப்பும் தாளை நான் டொராண்டோவில் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறேன். முக்குளிப்பான், நாமக்கோழி, மடையான், பாம்புத்தாரா... ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண். எண் வந்து சேர்ந்துவிடுகிறது. அதை எண்ணிய விடியல் வந்து சேரவில்லை.

முதலில் கைவிட்டுப் போனது ஓசை. இருள் பிரியாத நேரத்தில் உடைமரத்துக்குள்ளிருந்து செம்போத்து அடிவயிற்றிலிருந்து எழுப்பும் அந்த 'ஊப், ஊப்'. கரையில் நாம் முதல் அடி வைத்ததுமே ஊரைக் கூட்டிவிடும் ஆள்காட்டி. கருவேல மரங்களின் உச்சியில் மஞ்சள்மூக்கு நாரைக் குஞ்சுகள் தீனி கேட்டுப் போடும் கூச்சல். வளர்ந்த நாரைக்கு அநேகமாகக் குரலே கிடையாது, அலகைத் தட்டித்தான் பேசும், அதனால் குரல் இருக்கும்போதே கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட வேண்டும் என்பது போல அந்தக் குஞ்சுகள் மூச்சு விடாமல் கத்தும், கத்திக்கொண்டே இருக்கும். கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

பிறகு, எண்ணுகிற அந்த வேலை. குளம் நிறைய மிதக்கும் நாமக்கோழிகளை ஒன்றொன்றாக எண்ண முடியாது. பத்தை மட்டும் எண்ணி, அந்தப் பத்து நீரில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவால் மொத்தக் கூட்டத்தையும் அளந்துகொண்டே போக வேண்டும். ஒருவர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லுவார். பக்கத்தில் நிற்பவர் பென்சிலால் எழுதுவார். பாதி எண்ணும்போது ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்தால் போதும், கூட்டம் முழுவதும் எழும்பி வேறோர் இடத்தில் இறங்கும். மறுபடியும் முதலிலிருந்து. யாரும் சலித்துக்கொண்டதில்லை. தூரத்தில் கிடந்தது நீலச்சிறகு வாத்தா, கிளுவையா என்ற வாக்குவாதம் கரையை விட்டு இறங்கி டீக்கடை பெஞ்சு வரை வரும். உளுந்த வடை ஆறிப்போகும். வாக்குவாதம் ஆறாது.

எங்களை அழைத்துப் போன ஆசிரியரின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. "ஏ, எண்ணுததுக்கு முன்னால நல்லா பாருடே. அது என்ன செய்யுதுன்னு பாரு." எத்தனை என்று போடட்டும் சார் என்று கேட்டால், "தெரிஞ்சதப் போடு, தெரியாததப் போடாத" என்பார். பறவையே இல்லாத குளத்திலும் நோட்டை மூட விடமாட்டார். "சைபர்னு எழுது. நாம வந்து பாத்தோம்லா, அது தெரியணும்." பட்டியலின் கடைசியில் எண்ணியவர்களின் பெயர்கள் இருக்கும். அவர் காலமாகிவிட்டார் என்று தெரிந்தும் அங்கே அவர் பெயரைத் தேடுகிறேன். தொலைவில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். ஊரில் யாரெல்லாம் இறந்தார்கள் என்பது நமக்குச் செய்தியாக மட்டும்தானே தெரியும்.

கூந்தன்குளத்தின் வரிக்கு வரும்போது கண் அங்கேயே நின்றுவிடுகிறது. வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்திலும் நாரை கூடு கட்டும் ஊர் அது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே வயலோரத்தில் சாவகாசமாக மேயும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளைப் பொறுக்கியெடுத்து, மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி இருந்த ஊர். அவரும் இப்போது இல்லை.

நாம் விட்டு வந்தவை விட்ட இடத்திலேயே நமக்காகக் காத்திருக்கும் என்று மனசு நம்பிக்கொண்டிருக்கிறது. காத்திருப்பதில்லை. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றில் 178 இனங்களுக்கு மிகுந்த அக்கறை தேவை என்றது. குறைந்துவருவதாக அது சொன்னவற்றுள் பனங்காடையும் ஒன்று. கம்பியில் மங்கிய பழுப்பாக உட்கார்ந்திருந்து, எழும்பும்போது சிறகிலிருந்து அத்தனை நீலத்தையும் விரித்துக் காட்டும் அதே பனங்காடை. பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் இருந்ததே! அந்த அறிக்கைக்கு ஆதாரம் சுமார் 30,000 பேர் தந்த 3 கோடிப் பதிவுகள். எல்லாம் இப்படி நேரில் நின்று பார்த்து எழுதப்பட்டவை.

இங்கேயும் பறவைகளுக்குக் குறைவில்லை. ஏரிக்குள் நீளும் டாமி தாம்சன் பூங்காவில் ஆயிரக்கணக்கான நீர்க்காகங்கள் கூடு கட்டுகின்றன. மே மாதம் தெற்கிலிருந்து வரும் சின்னஞ்சிறு குருவிகள் மஞ்சளாக மரமெங்கும் துள்ளுகின்றன. நல்ல தொலைநோக்கி வாங்கியிருக்கிறேன். கைபேசியை நீட்டினால் குரலைக் கேட்டுச் செயலி பெயர் சொல்லிவிடுகிறது. சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் அது கிளுவைதான் என்று என்னோடு மல்லுக்கட்ட அதற்குத் தெரியாது. பாதை சுத்தமாக இருக்கிறது, எதிரே வருகிறவர்கள் புன்னகைத்துக் கடந்து போகிறார்கள், நான் பார்த்ததைப் பதிந்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆண்டுப் பட்டியலில் எங்கள் ஊர்க் குளத்தின் பெயர் இருக்கிறது. எதிரே ஒன்றுமில்லை. ஆள் கிடைக்கவில்லையாம்.

சைபர் என்றால் ஒருவர் போய் நின்று, பார்த்து, இல்லை என்று எழுதியிருக்கிறார். கட்டம் காலியாகக் கிடந்தால் யாருமே போகவில்லை. நாரை வந்ததா, கூடு கட்டியதா, குளத்தில் தண்ணீராவது கிடந்ததா, எதுவும் தெரியாது. நான் ஊரில் இருந்திருந்தால் எனக்கு ஒதுக்கியிருக்கக்கூடிய குளம் அது. பிழைப்புக்காகக் கிளம்பி வந்த நம் எல்லோருக்கும் ஊரில் எங்காவது இப்படியொரு கட்டம் காலியாகக் கிடக்கும். பணம் அனுப்பலாம், வீடியோவில் முகம் பார்க்கலாம். அந்தக் கட்டத்தை இங்கிருந்து நிரப்ப முடியாது.

ஊரில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்தால்கூடப் போதும். அடுத்த தை மாதம் உங்கள் குளத்துக்குப் போங்கள். காகமும் மைனாவும் மட்டும் இருந்தால் காகம், மைனா என்றே எழுதுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் சைபர் என்று எழுதுங்கள். இவ்வளவு தூரத்திலிருந்து படிக்கிற எங்களுக்கு அந்தச் சைபர்கூடப் போதும். நம் கரையில் யாரோ போய் நின்றிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வோம்.