நிறுத்துவது வேறு, நிற்க வைப்பது வேறு

ஓடும் வண்டியை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்திய வண்டியை அதே இடத்தில் நிற்க வைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் பிரேக் என்றே அழைப்பதால் வித்தியாசம் மறந்துபோகிறது. புனேயில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவருக்கு அதை நினைவூட்டியது ஒரு பழைய வேன்.

வேன் ஃபோக்ஸ்வாகன். இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடி, பின்பக்கத்தில் எஞ்சின். 1950-இல் ஜெர்மனியில் தயாரிப்பு தொடங்கிய இந்த ரகம், பின்னாளில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக ஹிப்பிகளை இந்தியாவுக்கு அழைத்துவந்தது. இவருடையது 1960-களின் முற்பாதியில் செய்தது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். நான்குக்கும் சேர்த்து ஒரே ஆயில் இணைப்பு. ஒரு குழாய் கசிந்தால் பெடல் மொத்தமும் செயலிழக்கும். அப்போது மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டுமே.

அந்தக் கால வேகத்துக்கு இது போதுமானதாக இருந்தது. இன்றைய நெடுஞ்சாலையில் முன்னால் போகும் கார் சட்டென்று நின்றால் இந்த வேன் நிற்காது. மலை இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். டிரம் சூடாகி விரிந்து பிரேக் ஷூவைவிட்டு விலகுகிறது. பெடல் கீழே கீழே போகிறது. டிஸ்க் பிரேக்கில் தகடு திறந்த வெளியில் சுழல்வதால் சூடு சீக்கிரம் தணிகிறது. ஃபோக்ஸ்வாகனே 1970 ஆகஸ்டிலிருந்து இந்த வேனின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பொருத்தியது.

ஆனால் பின்சக்கரங்களில் டிரம்மே நீடித்தது. காரணம் செலவு மட்டுமல்ல. ஹேண்ட்பிரேக்குக்கு டிரம் இயல்பாகவே பொருந்துகிறது. கேபிள் இழுத்ததும் உள்ளேயிருக்கும் சிறு நெம்புகோல் இரண்டு ஷூக்களையும் விரிக்கிறது. ஆயிலுக்கு அங்கே வேலையே இல்லை. சரிவில் சக்கரம் உருள முயன்றால், அந்த உருளலே ஒரு ஷூவை டிரம்மோடு இன்னும் இறுக்குகிறது. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. தகட்டைக் கவ்வும் காலிபர் தன் பலத்திலேயே பிடித்திருக்க வேண்டும்.

பொறியாளர் முதலில் அணுகிய பட்டறை நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் போட்டுக் கொடுத்தது. பின்சக்கரக் காலிபர்களில் கேபிள் மாட்ட இடமில்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்ன வால்வு. பெடலை மிதித்துக்கொண்டு வால்வைத் திருகினால் ஆயில் அழுத்தம் குழாய்க்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். "இதுதான் உங்கள் ஹேண்ட்பிரேக்" என்றார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வேனும் புதுக் காரைப் போல நின்றது.

பஞ்சகனியிலிருந்து பசர்ணி மலைப்பாதை வழியாக வாய் ஊருக்கு இறங்கிய ஒரு மாலையில், சரிவான இடத்திலிருந்த டீக்கடை ஓரம் வேனை நிறுத்தி வால்வைத் திருகினார். பேத்தி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரத்துக்குப் பின் வேன் ஓசையில்லாமல் நகர ஆரம்பித்தது. ஒரு லாரி கிளீனர் கையில் கிடைத்த கல்லை டயருக்கு அடியில் தள்ளினார். வேன் நின்றது. டீயை யாரும் குடித்து முடிக்கவில்லை. "ஹேண்ட்பிரேக் இல்லாத வண்டியில் இனி குழந்தையை ஏற்ற மாட்டேன்" என்று மனைவி சொல்லிவிட்டார்.

நடந்தது சாதாரண இயற்பியல். மலை இறங்கியதில் தகடு கொதித்திருந்தது. நின்ற பிறகு தகடு குளிர்ந்து சுருங்கியது. பேடும் ஆயிலும் அப்படியே. பூட்டிவைத்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வால்வில் சிறு கசிவு இருந்தாலும் இதே கதைதான். நிறுத்திய பிரேக்கைப் பிடித்து வைத்திருக்க ஆயிலை நம்பக் கூடாது, இயந்திரப் பிடிப்பே வேண்டும் என்று பிரிட்டிஷ் விதிகள் கூறுவதன் காரணம் இதுதான். கார்களுக்கான ஐ.நா. விதிமுறை இன்னும் திட்டவட்டமானது: முழுப் பாரத்துடன் 20 சதவிகிதச் சரிவில், அதாவது 5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சாய்வில், வண்டி அசையாமல் நிற்க வேண்டும்.

அடுத்து வேன் போய்ச் சேர்ந்தது ஒரு வயதான மிஸ்திரியிடம். புனேயில் பஜாஜ் டெம்போ தயாரித்த மட்டடோர் வேன்களில் கை பழகியவர். வால்வைப் பார்த்ததும் சிரித்தார். "நிற்கும் சாஹேப். நின்றுகொண்டே இருக்குமா என்பதுதான் கேள்வி."

வழிகள் மூன்று என்றார். டிஸ்க்கின் நடுக்குமிழுக்குள் ஹேண்ட்பிரேக்குக்கென்றே சிறிய டிரம் வைக்கலாம். தனியாக இன்னொரு சிறு காலிபர் பொருத்தலாம். அல்லது கேபிள் இழுத்தால் பிஸ்டனைத் தள்ளும் திருகு உள்ளேயே அமைந்த காலிபர் போடலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பொருத்துவது பாதி வேலைதான். முன்னிருக்கை அருகிலிருக்கும் லீவரிலிருந்து பின்சக்கரம் வரை கேபிள் நீள்கிறது. டிரம்முக்குத் தேவையான இழுப்பு வேறு, காலிபருக்குத் தேவையானது வேறு. லீவர் முழுக்க மேலே வந்தும் பிடிப்பு இல்லை. இணைப்பு நெம்புகோலின் நீளத்தை மாற்றி, கேபிளைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. வரிசையும் முக்கியம். முதலில் பெடலை மிதித்து மிதித்துப் பேடுகளைத் தகட்டருகே கொண்டுவர வேண்டும். கேபிளை முறுக்குவது அதற்குப் பிறகே. அவசரப்பட்டு கேபிளை முதலில் இறுக்கினால், பேடு தேயத் தேயத் தானே சரிசெய்துகொள்ளும் உள் அமைப்பு வேலை செய்யாது. ஒரு மாதத்தில் ஹேண்ட்பிரேக் தளர்ந்துவிடும். பலர் புகார் சொல்வது இந்தத் தளர்வைத்தான்.

சோதனையும் அவரே வகுத்தார். 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் 25, அதாவது அரை டன். மலை இறங்கி, தகடு சூடாக இருக்கும்போதே சரிவில் நிறுத்தி, டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரே கோடு. டயருக்குச் சற்றுத் தள்ளி, எதற்கும் ஒரு கட்டை. ஒரு மணி நேரம் கழித்துக் கோடு கோட்டோடு பொருந்தியிருந்தது. மறுபடி வண்டியைத் திருப்பி நிறுத்தி இன்னொரு மணி நேரம்.

பழைய வண்டிப் பிரியர்களில் ஒரு சாரார் இதை ஏற்க மாட்டார்கள். ஆணிகூட மாறக் கூடாது என்பது அவர்கள் கட்சி. 2021-இல் வந்த மத்திய அரசு விதிகளும் 50 ஆண்டு கடந்து அசல் வடிவில் இருக்கும் வாகனங்களையே பாரம்பரிய வாகனங்களாக ஏற்கின்றன. அந்தக் கவலை நியாயமானதே. அதனால்தான் சேஸிஸில் ஒரு துளைகூடப் போடாமல் எல்லாமே போல்ட்டில் மாட்டப்பட்டன. பழைய டிரம்களும் ஷூக்களும் கிரீஸ் தடவி, துணியில் சுற்றி, பெட்டியில் இருக்கின்றன. வேண்டுமானால் ஒரு வாரத்தில் வேன் தன் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிக்கு அசல் போதும். குழந்தைகள் ஏறும் வண்டிக்கு அது போதாது. புதுமை செய்கிறவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பார்க்கிறார்கள்: வேகம், பளபளக்கும் தகடு, சட்டென்று நிற்கும் சாகசம். ஓட்டுநர் இறங்கிப் போன பிறகும் வேலை செய்ய வேண்டிய பாகத்தைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. கட்டிய வேலையைச் செலவுக் கணக்கில் எழுதியபோது மிஸ்திரி கடைசியில் ஒரு பொருளைச் சேர்த்திருந்தார்: டயருக்கு வைக்கும் மரக்கட்டை, ஒன்று. அதற்கு அவர் காசு வாங்கவில்லை.